ஷெவெல்லுக்கு நான்காவது கியர்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1970இல் விற்ற ஷெவர்லே ஷெவெல் காரை எடுத்துக்கொள்வோம். முன்னால் 350 கன அங்குல வி8 என்ஜின், அதாவது 5.7 லிட்டர். அதை ஒட்டி டர்போ 350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன். பின் ஆக்சிலில் 3.73 விகிதம் போட்டிருக்கிறார்கள். டயரின் விட்டம் 26 அங்குலம். இந்தக் கார் அமெரிக்க நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல், அதாவது ஏறக்குறைய 113 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும்?

கணக்கு எளிது. மைல் வேகத்தை 336ஆல் பெருக்க வேண்டும். அதை ஆக்சில் விகிதத்தால் பெருக்கி, டயர் விட்டத்தால் வகுக்க வேண்டும். மைலும் அங்குலமும் நிமிடமும் ஒன்றோடொன்று பொருந்த வருவதற்கான எண்தான் 336. விடை 3,374. மூன்றாவது கியர் நேர் கியர் என்பதால் என்ஜினின் ஒரு சுற்று அப்படியே புரொப்பல்லர் ஷாஃப்டின் ஒரு சுற்று. அதற்கு மேல் போட இன்னொரு கியர் கிடையாது. மணிக்கணக்கில் நெடுஞ்சாலையில் போனாலும் என்ஜின் அதே கதியில்தான் அலறிக்கொண்டிருக்கும்.

அதே காரில் 0.70 விகிதமுள்ள நான்காவது கியர் ஒன்று இருந்தால் அந்த 3,374 சுற்று 2,362 ஆகிவிடும். வேகம் மாறவில்லை, சக்கரம் மாறவில்லை, என்ஜினும் மாறவில்லை. என்ஜின் ஒரு முறை சுற்றுவதற்குள் ஷாஃப்ட் ஒரு முறைக்கு மேல் சுற்றிவிடுகிறது, அவ்வளவுதான். இதுதான் ஓவர்டிரைவ். பழைய மஸில் கார் வைத்திருப்பவர்கள் தங்கள் காரில் செய்துகொள்ளும் மாற்றங்களில் இதைப்போல் பயன் தருவது அதிகமில்லை. அது ஏன் என்பதும், எப்படி என்பதும்தான் இந்த அத்தியாயம்.

கால் மைலுக்காகச் செய்த கார்

மஸில் கார்களின் காலம் 1964இல் போன்டியாக் ஜிடிஓவோடு தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காரில் பெரிய காருக்கான 389 கன அங்குல என்ஜினை வைத்து விற்றார்கள். அது விற்பனையில் வெற்றி பெற்றதும் மற்ற நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின. 1970இல் ஷெவெல் எஸ்எஸ் 454 காரில் எல்எஸ்6 என்ற என்ஜின் வந்தது. நிறுவனமே அறிவித்த திறன் 450 குதிரைத்திறன்.

இந்தக் கார்களை வாங்கியவர்கள் பார்த்த அளவுகோல் கால் மைல் ஓட்டம். நின்ற இடத்திலிருந்து 402 மீட்டர் தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதே பேச்சு. அந்த ஓட்டத்துக்கு மூன்று கியர் போதும். பெட்ரோலும் மலிவு. நெடுந்தூரம் போகும்போது என்ஜின் வேகமாகச் சுற்றினால் என்ன என்று கேட்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

ஓவர்டிரைவ் அப்போது தெரியாத விஷயமல்ல. 1930களிலேயே அமெரிக்கக் கார்களில் மேனுவல் கியர்பாக்ஸோடு சேர்த்து அதை விற்றிருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கும் புதிதல்ல. ஓல்ட்ஸ்மொபீல் 1940ஆம் ஆண்டு மாடல்களில் வந்த ஹைட்ரா-மேட்டிக் பெட்டியிலேயே நான்கு கியர் இருந்தது. அதிலும் நான்காவது நேர் கியர்தான். இரண்டும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்து எளிதாகக் கிடைக்க 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரே எண், இரண்டு வேலை

மூன்று கியர் காரில் பின் ஆக்சில் விகிதம் என்ற ஒரே எண் இரண்டு வேலைகளைச் சுமக்கிறது. முதல் வேலை, நின்ற காரை விருட்டென்று கிளப்புவது. அதற்கு விகிதம் பெரிதாக இருக்க வேண்டும். 3.73, 4.10 என்று ஏற ஏற என்ஜினின் முறுக்குவிசை சக்கரத்தில் அதிகமாகப் பெருகும். இரண்டாவது வேலை, நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடுவது. அதற்கு விகிதம் சிறிதாக இருக்க வேண்டும். 2.73 போன்ற ஆக்சில் போட்டால் என்ஜின் அமைதியாகிவிடும். ஆனால் சிக்னலில் பச்சை விழுந்ததும் கார் சோம்பலாக நகரும்.

டர்போ 350இன் விகிதங்கள் 2.52, 1.52, 1.00. முதல் கியருக்கும் கடைசிக் கியருக்கும் உள்ள இடைவெளி 2.52 மடங்கு. இந்த எண்ணை விகித வீச்சு என்று வைத்துக்கொள்வோம். வீச்சு இவ்வளவு குறுகலாக இருந்தால் இரண்டு வேலைகளில் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது 700ஆர்4 என்ற நான்கு கியர் பெட்டியைப் பாருங்கள். அதன் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. வீச்சு ஏறக்குறைய 4.4 மடங்கு. பழைய காரில் முதல் கியரின் மொத்தப் பெருக்கம் 2.52 பெருக்கல் 3.73, அதாவது 9.4. புதிய பெட்டியோடு ஆக்சிலை 3.08 ஆக்கினாலும் 3.06 பெருக்கல் 3.08, அதே 9.4. கிளம்பும் இழுவையில் துளியும் குறையவில்லை. ஆனால் நான்காவது கியரில் மொத்தப் பெருக்கம் 2.16க்கு இறங்கிவிடுகிறது. ஆக்சிலைத் தொடாமல் 3.73 ஆகவே விட்டால் முதல் கியர் 11.4 ஆகி முன்னைவிட ஆவேசமாகக் கிளம்பும், நான்காவது 2.61 ஆகி முன்னைவிட அமைதியாக ஓடும். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் நெருக்கடியே மறைந்துபோகிறது. இந்த மாற்றத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சுற்று குறைந்தால் என்ன நடக்கிறது?

மணிக்கு 70 மைல் வேகத்தைத் தக்கவைக்க இந்த அளவுள்ள காருக்கு ஏறக்குறைய 30 முதல் 40 குதிரைத்திறன் போதும். பெரும்பகுதி காற்றை விலக்க, மீதி டயர் உருள. 300 குதிரைத்திறன் தரக்கூடிய என்ஜின் தன் திறனில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உழைக்கிறது. பெரிய என்ஜின் இப்படிச் சிறிய வேலை செய்யும்போதுதான் அதன் செயல்திறன் மிக மோசமாக இருக்கும்.

காரணம் கார்புரேட்டரின் திராட்டில் தட்டில் இருக்கிறது. குறைந்த வேலைக்குக் குறைந்த கலவை போதும் என்பதால் தட்டு கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்த மூடிய வழியே காற்றை உறிஞ்சப் போராடுகிறது. இந்தப் போராட்டத்துக்கு ஆகும் சக்தி காரை ஓட்ட உதவாமல் வீணாகிறது. சுற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றும் கூடுதல் வேலை செய்தாக வேண்டும். அதற்குத் தட்டு அகலத் திறக்கிறது, உறிஞ்சும் போராட்டம் தளர்கிறது. பிஸ்டன் வளையங்கள், பேரிங்குகள், வால்வு ஸ்பிரிங்குகள் ஆகியவற்றின் உராய்வும் கூடவே குறைகிறது.

இதனால் சுற்று 30 சதவீதம் குறைந்ததும் பெட்ரோலும் 30 சதவீதம் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. காற்றை விலக்கும் வேலை அப்படியே இருக்கிறது, அதற்கான எரிபொருளும் எரிந்தே தீர வேண்டும். மிச்சமாவது என்ஜின் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளச் செலவிட்ட பங்கில் ஒரு பகுதி.

தேய்மானத்தில் கிடைக்கும் லாபம் இன்னும் பெரிது. பிஸ்டன் மேலே போய் நின்று, திசை மாறிக் கீழே வர வேண்டும். அப்படி அதை நிறுத்தித் திருப்பக் கனெக்டிங் ராடு தாங்கும் நிலைம விசை சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். சுற்று 0.70 மடங்கானால் விசை 0.49 மடங்கு. பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 500 கிலோமீட்டர் பயணம் ஒன்றை எடுத்துக்கொண்டால் பழைய பெட்டியோடு என்ஜின் ஏறக்குறைய 9 லட்சம் முறை சுற்றும், புதிய பெட்டியோடு 6 லட்சத்து 30 ஆயிரம் முறை. 50 வயதைத் தாண்டிய என்ஜினுக்கு ஒரே பயணத்தில் 2 லட்சத்து 70 ஆயிரம் சுற்று மிச்சம்.

எண்ணெய் நெருக்கடி தந்த பெட்டி

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தின. 1974 தொடக்கத்தில் நாடு முழுவதும் உச்ச வேகம் மணிக்கு 55 மைல் என்று சட்டம் வந்தது. 1975இல் இன்னொரு சட்டம் வந்தது. அதன்படி ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1978 மாடல்களில் காலனுக்கு 18 மைலும், 1985இல் 27.5 மைலும் எட்ட வேண்டும்.

மஸில் கார்களின் உற்பத்தி அதற்கு முன்பே சரியத் தொடங்கியிருந்தது. இன்ஷூரன்ஸ் கட்டண உயர்வும் புகைக் கட்டுப்பாடும் முதல் அடி, எண்ணெய் நெருக்கடி கடைசி அடி. ஆனால் அந்தக் கார்களுக்கு இன்று உயிர் தரும் பெட்டிகள் பிறந்ததும் அதே சட்டங்களால்தான். மைலேஜை உயர்த்தியே ஆக வேண்டிய நிலையில் ஃபோர்டு 1980 மாடல்களில் ஏஓடி பெட்டியைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1981இல் 200-4ஆர் பெட்டியையும் 1982இல் 700ஆர்4 பெட்டியையும் இறக்கியது. மூன்றிலும் நான்காவது கியர் ஓவர்டிரைவ், மூன்றும் பழைய வி8 என்ஜின்களின் வாரிசுகளுக்குப் பின்னால் பொருந்தும்படி செய்யப்பட்டவை. ஷெவர்லேயின் சிறிய வி8 என்ஜினின் பின்புறத் துளைகள் பல பத்தாண்டுகளாக மாறவே இல்லை என்பதால் 1985 பெட்டி 1970 என்ஜினில் நேராக உட்கார்ந்துகொள்கிறது.

வேக வரம்பும் இதில் ஒரு பாத்திரம். 55 மைல் வேகத்தில் நம் ஷெவெல் 2,650 சுற்றில் ஓடும், பொறுத்துக்கொள்ளலாம். 1987இல் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளில் 65 மைல் அனுமதிக்கப்பட்டது, 1995இல் அந்தத் தேசிய வரம்பே நீக்கப்பட்டது. இன்று பல மாநிலங்களில் 70, 75 மைல் சாதாரணம். மற்ற வண்டிகளோடு சேர்ந்து போக வேண்டுமானால் பழைய காரும் அந்த வேகத்துக்கு வந்தாக வேண்டும்.

அதே சக்கரங்கள், புதிய கியர்

ஆட்டோமேட்டிக் பெட்டியின் கியர்கள் மேனுவல் பெட்டியைப் போல் அடுத்தடுத்து வரிசையாக நிற்பவை அல்ல. நடுவில் ஒரு சூரியச் சக்கரம். அதைச் சுற்றி உருளும் சில கோள் சக்கரங்கள். அந்தக் கோள்களை ஒன்றாகப் பிடித்திருக்கும் தாங்கி. எல்லாவற்றுக்கும் வெளியே, உட்புறம் பல் வெட்டிய வளையம். சூரியன், தாங்கி, வளையம் என்ற மூன்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்தி, ஒன்றை என்ஜினால் சுற்றினால், மூன்றாவதிலிருந்து புதிய வேகம் கிடைக்கும். எதை நிறுத்துகிறோம், எதைச் சுற்றுகிறோம் என்பதை மாற்றினால் கியர் மாறிவிடும். பற்கள் எப்போதும் பிணைந்தே இருப்பதால் கியர் மாறும்போது இரைச்சலோ உரசலோ இல்லை.

ஓவர்டிரைவுக்குச் சூரியனை நிறுத்த வேண்டும், தாங்கியைச் சுற்ற வேண்டும். தாங்கி ஒரு முழுச் சுற்று வருவதற்குள் கோள்கள் நிற்கும் சூரியன் மேல் உருண்டு வருகின்றன. அந்த உருளல் வளையத்தைக் கூடுதலாகத் தள்ளுகிறது. எவ்வளவு கூடுதல் என்பது சூரியனின் பற்களை வளையத்தின் பற்களால் வகுத்தால் வரும் எண். வளையத்தில் 100 பல் என்று வைத்தால் சூரியனில் 44 பல் இருக்கும் விகிதத்தில், தாங்கியின் ஒரு சுற்றுக்கு வளையம் 1.44 சுற்று வரும். 1ஐ 1.44ஆல் வகுங்கள், ஏறக்குறைய 0.70 வந்துவிடும்.

700ஆர்4 பெட்டியை வடிவமைத்தவர்களின் திறமை இதில்தான் தெரிகிறது. அவர்கள் நான்காவது கியருக்கென்று புதிய சக்கரத் தொகுதி எதையும் சேர்க்கவில்லை. உள்ளே இருப்பவை இரண்டே தொகுதிகள். முன் தொகுதியின் வளையத்தைப் பின் தொகுதியின் தாங்கியோடும், முன் தாங்கியைப் பின் வளையத்தோடும் குறுக்காக இணைத்தார்கள். பின் சூரியனைப் பிடித்து நிறுத்த டிரம்மைச் சுற்றிய ஒரு பட்டை இருக்கிறது. இரண்டாவது கியரில் இறுகும் அதே பட்டை மூன்றாவதில் தளர்ந்து, நான்காவதில் மறுபடி இறுகுகிறது. மூன்றாவதிலும் நான்காவதிலும் ஒரே கிளட்ச் தொகுதிதான் பிடிக்கிறது. இருக்கும் உறுப்புகளுக்கே இரட்டை வேலை கொடுத்து ஒரு கியரை உருவாக்கிவிட்டார்கள். 200-4ஆர் வேறு வழியில் போகிறது. மூன்று கியர் தொகுதிக்கு முன்னால் ஓவர்டிரைவுக்கென்றே தனித் தொகுதி ஒன்று வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. இரட்டை வேலை பார்க்கும் அந்தப் பட்டையும் கிளட்சும்தான் 700ஆர்4 பெட்டியில் முதலில் தேயும் உறுப்புகள். ஆகவே பெட்டியைப் பிரித்துச் சீர்செய்பவர்கள் பட்டையை இறுக்கும் சர்வோ பிஸ்டனை எடுத்துவிட்டு, கொர்வெட் காருக்கு வந்த பெரிய பிஸ்டனைப் போடுகிறார்கள். எண்ணெய் அழுத்தம் அதேதான், பரப்பு கூடியதால் பிடி கூடுகிறது.

எண்ணெய் போடும் கணக்கு

இந்தப் பெட்டிகளில் கியரை எப்போது மாற்றுவது என்று முடிவு செய்ய கம்ப்யூட்டர் இல்லை. எண்ணெயே கணக்குப் போடுகிறது. வெளியேறும் ஷாஃப்டோடு சுழலும் கவர்னர் காரின் வேகத்துக்கு ஏற்ற எண்ணெய் அழுத்தத்தைத் தருகிறது. ஆக்சிலரேட்டரோடு இணைந்த ஒரு வால்வு, ஓட்டுநர் எவ்வளவு மிதிக்கிறார் என்பதற்கு ஏற்ற அழுத்தத்தைத் தருகிறது. இரண்டு அழுத்தங்களும் ஒரு சிறு வால்வின் இரு முனைகளிலும் எதிரெதிராகத் தள்ளுகின்றன. வேகத்தின் பக்கம் வென்றால் வால்வு நகர்ந்து அடுத்த கியருக்கு எண்ணெய் வழி திறக்கும். மிதி அழுத்தமாக இருந்தால் கியர் தாமதமாக மாறும். ஓட்டுநரின் விருப்பமும் காரின் வேகமும் ஒரு உலோகத் துண்டின் மேல் பேசி முடித்துக்கொள்கின்றன. இயந்திரப் பொறியியலின் மிக அழகான சிந்தனைகளில் இது ஒன்று.

அந்த மிதி அளவைப் பெட்டிக்குச் சொல்வது கார்புரேட்டரிலிருந்து இறங்கும் ஒரு கேபிள். திராட்டில் வால்வு என்பதைச் சுருக்கி டிவி கேபிள் என்பார்கள். இந்த மாற்றத்தில் பெட்டிகள் கருகிப்போகும் இடமும் இதுவே. பழைய டர்போ 350 பெட்டியிலும் பார்வைக்கு இதே மாதிரி ஒரு கேபிள் உண்டு. அதன் வேலை முழு மிதியில் கியரைக் கீழே இறக்குவது மட்டும். என்ஜின் மேலுள்ள சுமையை அறிய அந்தப் பெட்டி வாக்குவம் மாடுலேட்டரை நம்பியிருந்தது. 700ஆர்4 பெட்டியிலும் 200-4ஆர் பெட்டியிலும் மாடுலேட்டர் கிடையாது. கிளட்சுகளை இறுக்கும் எண்ணெயின் அழுத்தத்தையே இந்தக் கேபிள்தான் தீர்மானிக்கிறது. கேபிள் தளர்வாக இருந்தால் ஓட்டுநர் மெதுவாக மிதிப்பதாகப் பெட்டி நினைக்கும், அழுத்தத்தைக் குறைக்கும். என்ஜினோ முழு முறுக்குவிசையைத் தந்துகொண்டிருக்கும். கிளட்ச் தகடுகள் இறுகாமல் வழுக்கும், அந்த உரசலில் சூடாகிக் கருகும். நல்ல பெட்டி ஒன்று முதல் ஓட்டத்திலேயே போய்விட இது போதும்.

சரிசெய்யும் முறை எளிது. கேபிளின் உறையில் ஒரு சிறு பூட்டுப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு நகரும் துண்டை உறைக்குள் பின்னுக்குத் தள்ளி, பொத்தானை விட வேண்டும். பிறகு திராட்டிலை முழுக்கத் திறந்தால் டிக் டிக் என்ற சத்தத்தோடு துண்டு தானாக வெளியே வந்து சரியான இடத்தில் நிற்கும். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். கார்புரேட்டர் நெம்புகோலில் கேபிள் மாட்டும் புள்ளி அச்சிலிருந்து சரியான தூரத்தில் இருக்கிறதா? ஜெனரல் மோட்டார்ஸ் தானே பயன்படுத்திய குவாட்ராஜெட் கார்புரேட்டரில் அது இயல்பாகவே சரியாக இருக்கும். ஹோலி, எடெல்ப்ராக் கார்புரேட்டர்களில் தூரம் வேறு என்பதால் அதற்கென்று விற்கும் திருத்தத் துண்டைப் பொருத்தியாக வேண்டும். முழு மிதியில் மட்டும் சரியாக இருந்தால் போதாது, கால் மிதியிலும் அரை மிதியிலும் கேபிள் அந்த அளவுக்கு நகர வேண்டும். கடைசியில் பெட்டியின் பக்கவாட்டுத் துளையில் அழுத்தமானியை மாட்டி, திராட்டில் திறக்கத் திறக்க அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டால் சந்தேகம் மிஞ்சாது.

நழுவலைப் பூட்டுதல்

என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. என்ஜின் சுற்றும் விசிறி எண்ணெயை வீச, அந்த எண்ணெய் எதிரிலுள்ள விசிறியைச் சுற்றுகிறது. ஜெர்மன் பொறியாளர் ஹெர்மான் ஃபோட்டிங்கர் 1905இல் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற யோசனை இது. எண்ணெய் வழியாகச் சக்தி போவதால் இரண்டாவது விசிறி எப்போதும் சற்றுப் பின்தங்கும். அந்த நழுவல் முழுவதும் சூடாக மாறும். நெடுஞ்சாலையில் 35 குதிரைத்திறன் கடந்துபோகும்போது 5 சதவீதம் நழுவினால் ஒரு கிலோவாட்டுக்கு மேல் சூடு. பெட்டிக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு விட்டது போல, பயணம் முழுக்க அது எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டே இருக்கும்.

புதிய பெட்டிகளில் கன்வெர்ட்டருக்குள்ளேயே ஒரு கிளட்ச் வைத்தார்கள். வேகம் பிடித்ததும் அது இரண்டு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும், நழுவல் பூஜ்யம். இந்தப் பெட்டிகள் முதலில் வந்த கார்களில் இந்தப் பூட்டைக் கம்ப்யூட்டர் இயக்கியது. 1970 ஷெவெல்லில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆகவே பெட்டியிலுள்ள சாலினாய்டுக்கு 12 வோல்ட் போகும்படி ஒரு சிறு வயரிங் செய்கிறார்கள். நான்காவது கியர் விழுந்ததும் அழுத்த ஸ்விட்ச் இணைப்பைக் கொடுக்கும், பிரேக் மிதித்தால் பிரேக் ஸ்விட்ச் துண்டித்துவிடும். பிரேக்கில் துண்டிக்காவிட்டால் கார் நிற்கும்போது என்ஜினும் திணறி நின்றுவிடும். இதோடு ரேடியேட்டருக்கு முன்னால் தனி எண்ணெய்க் கூலர் ஒன்றையும் வைப்பது நல்லது. ஆட்டோமேட்டிக் பெட்டிகளின் ஆயுளைத் தின்பது முதலில் சூடுதான்.

காருக்கு அடியில்

இப்போது அளவுநாடாவோடு கீழே போவோம். டர்போ 350 பெட்டிக்குப் பின்னால் 6 அங்குல வால் இருந்தால் மொத்த நீளம் ஏறக்குறைய 27.7 அங்குலம். 700ஆர்4 நீளம் 30.75 அங்குலம். மூன்று அங்குலம் கூடுதல் என்பதால் புரொப்பல்லர் ஷாஃப்டை அந்த அளவுக்கு வெட்டி, மறுபடி வெல்டிங் செய்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும். பழைய பெட்டியில் 9 அங்குல வால் இருந்திருந்தால் நீளம் கிட்டத்தட்ட சமம், ஷாஃப்டைத் தொட வேண்டியிருக்காது. 200-4ஆர் நீளத்தில் குட்டை வால் டர்போ 350ஐ ஒத்தது, ஷாஃப்ட் அப்படியே பொருந்தும். ஆனால் அதைத் தாங்கும் மவுன்ட் வெகுவாகப் பின்னால் இருக்கிறது, டர்போ 400 என்ற இன்னொரு மூன்று கியர் பெட்டியில் இருக்கும் இடத்தில். ஷெவெல்லின் சேஸியில் குறுக்குச் சட்டம் போல்ட்டால் மாட்டியிருப்பதால் அதைப் பின்னால் நகர்த்திவிடலாம்.

அடுத்தது கோணம். யுனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். முன் ஜாயின்ட் உண்டாக்கும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயின்ட் ரத்து செய்ய வேண்டுமானால் பெட்டியின் அச்சும் டிஃபரென்ஷியலின் பினியன் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். மவுன்டுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு ஒன்று இந்தக் கோணத்தை மாற்றிவிடும். ஓவர்டிரைவ் வந்த பிறகு இது இன்னும் முக்கியம். என்ஜின் 2,362 சுற்றில் அடங்கியிருக்கும்போதும் ஷாஃப்ட் அதே பழைய 3,374 சுற்றில்தான் ஓடுகிறது. முன்பு என்ஜின் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த அதிர்வுகள் இப்போது இருக்கைக்கு வந்து சேரும். பெட்டி மாற்றியதால் அதிர்வு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது முன்பே இருந்தது, இப்போதுதான் தெரிகிறது.

ஸ்பீடோமீட்டரை ஓட்டும் சிறு பிளாஸ்டிக் பல்சக்கரத்தை ஆக்சிலுக்கும் டயருக்கும் ஏற்ற பல் எண்ணிக்கையில் போட வேண்டும். கியர் லீவரின் நிறுத்தப் புள்ளிகள் மூன்று கியருக்கானவை என்பதால் நான்கு கியருக்கான தகட்டை மாற்ற வேண்டும். இவை சிறிய வேலைகள். ஆனால் லீவர் ஒரு புள்ளி தவறி நின்றால் பெட்டிக்குள் வால்வும் தவறான இடத்தில் நிற்கும், அழுத்தம் கசியும். அதனால் சிறிய வேலை என்று அலட்சியம் கூடாது.

எந்தக் காருக்கு எது

சாலைப் பயணத்துக்கான 350 என்ஜின் ஷெவெல்லுக்கு 700ஆர்4 நல்ல தேர்வு. பல திருத்தங்கள் பெற்ற 1987க்குப் பிந்தைய பெட்டியாகப் பார்த்து எடுப்பது வழக்கம். அதன் குறை முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் உள்ள தாவல். 5,000 சுற்றில் கியர் மாறினால் 2,660க்கு விழும். 200-4ஆர் பெட்டியின் விகிதங்கள் 2.74, 1.57, 1.00, 0.67. அதில் அதே மாற்றம் 2,865க்குத்தான் விழும், இழுவை விடுபடாது. ஷெவர்லே என்ஜினுக்கும் போன்டியாக், பியூயிக், ஓல்ட்ஸ்மொபீல் என்ஜின்களுக்கும் ஒரே உறையில் துளை உள்ள 200-4ஆர் பெட்டிகளும் உண்டு. அதனால் ஜிடிஓ வைத்திருப்பவர்கள் இதையே நாடுகிறார்கள். பியூயிக் கிராண்ட் நேஷனல் என்ற புகழ்பெற்ற டர்போ காரில் இருந்ததும் இதுதான்.

454 போன்ற பெரிய என்ஜினின் முறுக்குவிசைக்கு இவை இரண்டும் மூல நிலையில் தாங்காது. அங்கே 1991இல் வந்த 4எல்80ஈ பொருத்தம். டர்போ 400 பெட்டியின் வழிவந்த அதில் முதல் மூன்று விகிதங்கள் அப்படியே இருக்க, 0.75 ஓவர்டிரைவ் சேர்ந்திருக்கிறது. அதைக் கம்ப்யூட்டர் இயக்குவதால் டிவி கேபிள் கவலை இல்லை. பதிலாகத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் திராட்டில் நிலையைச் சொல்லும் சென்சாரும் வாங்க வேண்டும். உருவமும் எடையும் பெரிது.

எல்லா ஷெவெல்லுக்கும் இந்த மாற்றம் உகந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே 2.73 ஆக்சில் உள்ள காரில் ஓவர்டிரைவ் போட்டால் 70 மைல் வேகத்தில் என்ஜின் 1,730 சுற்றுக்கு இறங்கிவிடும். கேம் ஷாஃப்ட் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தால் அந்தச் சுற்றில் என்ஜின் உதறும், சிறு ஏற்றத்திலேயே கியர் கீழே இறங்கும், மறுபடி ஏறும். முதலில் ஆக்சில் எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும், பிறகு கணக்கு, அதற்குப் பிறகே பெட்டி. தொழிற்சாலையில் வந்த எண்களோடு அப்படியே இருக்கும் அரிய எல்எஸ்6 காராக இருந்தால் மூலப் பெட்டியைக் கழற்றிப் பத்திரமாக வைப்பது கடமை. போல்ட் போட்டுச் செய்யும் வேலை என்பதால் ஷாஃப்டையும் தனியாகச் செய்துகொண்டால் எதையும் வெட்டாமல் பழைய நிலைக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்.

இந்தக் கார்களைக் கொட்டகையில் மூடி வைப்பதைவிட ஓட்டுவதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான எண்ணம். எண்ணெய் ஓடாத என்ஜினில் சீல்கள் காய்கின்றன, சிலிண்டர்களில் துரு ஏறுகிறது. சத்தத்துக்கும் செலவுக்கும் பயந்து ஊர் எல்லையைத் தாண்டாத காரை இரண்டு மாநிலம் கடக்க வைக்கிறது ஒரு நான்காவது கியர்.

வீச்சு என்ற அந்த எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டர்போ 350இல் 2.5. 700ஆர்4இல் 4.4. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கி 2017 மாடல்களில் கொண்டுவந்த பத்து கியர் பெட்டியில் முதல் கியர் 4.70, கடைசிக் கியர் 0.64, வீச்சு ஏழுக்கு மேல். அரை நூற்றாண்டில் என்ஜின்கள் மேம்பட்ட கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அந்த என்ஜின் தனக்குப் பிடித்த சுற்றில் ஓடும்படி வழி செய்துகொடுத்தவை கியர்பெட்டிகள். 1970 ஷெவெல்லின் என்ஜின் நெடுஞ்சாலையில் தடுமாறியதற்கு அதன் பெருந்தீனி பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, மூன்றோடு நின்றுபோன பெட்டி.